ரிப்போர்ட் அடிப்பது யார் என்று தெரியாது, வாசிப்பது யார்?

நம் சமூகத்தைப் புண்படுத்தும் ஒரு பதிவு முகநூலில் வந்தால், அரை மணித்தியாலத்துக்குள் அதன் லிங்க் வட்ஸ்அப் குழுமங்களுக்கு வந்து சேர்ந்துவிடும். கூடவே ஒரு வரி: "எல்லோரும் ரிப்போர்ட் அடியுங்கள், ஆயிரம் பேர் அடித்தால் தானாக நீங்கிவிடும்." எனக்கு வருகிறது, உங்களுக்கும் வந்திருக்கும். இதன் பின்னால் இரண்டு நம்பிக்கைகள் உள்ளன. நாம் யார் என்று பதிவிட்டவருக்குத் தெரியாது என்பது ஒன்று. எண்ணிக்கை கூடினால் காரியம் நடக்கும் என்பது மற்றது. முதலாவது பெரும்பாலும் சரி. இரண்டாவது பிழை.

பேஸ்புக்கில் முறைப்பாடு செய்தவரின் பெயர் பதிவிட்டவருக்குக் காட்டப்படுவதில்லை. பதிப்புரிமை முறைப்பாடு மட்டும் வேறு: அதில் உங்கள் பெயரும் மின்னஞ்சலும் மறுதரப்புக்குக் கொடுக்கப்படலாம். வட்ஸ்அப்பில் ஒருவரை ரிப்போர்ட் செய்தால், அவர் உங்களுக்குக் கடைசியாக அனுப்பிய ஐந்து செய்திகள் வரை நிறுவனத்துக்குப் போகும், அவருக்கு அறிவித்தல் போகாது. ஆனால் நிறுவனத்துக்கு நீங்கள் யார் என்று தெரியும்.

எண்ணிக்கை விடயத்தில் பேஸ்புக் தெளிவாகவே சொல்கிறது: எத்தனை பேர் முறையிட்டார்கள் என்பதை வைத்து ஒரு பதிவு நீக்கப்படுவதில்லை, அது எந்த விதியை மீறுகிறது என்பதே பார்க்கப்படும். அப்படியானால் அதைப் பார்ப்பது யார்? அவருக்கு, அல்லது அந்த இயந்திரத்துக்கு, நம் நாட்டு மொழி விளங்குமா?

இந்தக் கேள்விக்கு நாம் கொடுத்த விலை பெரியது. 2018 பெப்ரவரியில் அம்பாறையில் கொத்துரொட்டியில் மலட்டு மாத்திரை என்ற வதந்தி, மார்ச்சில் திகன. வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்துகொண்டிருந்த மார்ச் 7ஆம் திகதி, முஸ்லிம்களில் கைக்குழந்தையைக் கூட விடாமல் கொல்லுமாறு சிங்களத்தில் ஒரு பதிவு வந்தது. ஒருவர் முறைப்பாடு செய்தார். ஆறு நாட்கள் கழித்து வந்த பதில், அது சமூக விதிகளை மீறவில்லை என்பதுதான். ஆயிரம் பேர் அடித்திருந்தாலும், அந்த வரியை வாசித்து விளங்கிக்கொள்ள ஆளில்லாத இடத்தில் பதில் மாறியிருக்காது. சிங்களம் தெரிந்தவர்களை மேலும் அமர்த்துவதாக பேஸ்புக் பிறகுதான் சொன்னது. அந்த நாட்களில் தன் தளம் வகித்த பங்குக்கு அது மன்னிப்புக் கேட்டது 2020 மே மாதத்தில்.

இதன் மறுபக்கமும் நம்மைத்தான் சுடுகிறது. "ஷஹீத்" என்ற சொல்லுக்குப் பல அர்த்தங்கள் உண்டு என்பது மத்ரஸாப் பிள்ளைக்கும் தெரியும். மெட்டா தளங்களில் வேறெந்தத் தனிச் சொல்லையும் விட அதிகப் பதிவுகள் நீக்கப்படக் காரணமாக இருந்தது அந்தச் சொல்தான் என்று, மெட்டாவின் மேற்பார்வைச் சபை 2024 மார்ச்சில் கூறியது.

ஜமாஅத்துகளுக்கிடையிலான கருத்து முரண்பாட்டில் எதிர்த்தரப்பு மௌலவியின் பக்கத்தை மூடவைக்கக் கூட்டாக ரிப்போர்ட் அடிப்பவர்களையும் இங்கே சொல்லவேண்டும். அதைப் பயானுக்குப் பதில் என்று நான் ஏற்கமாட்டேன். வியட்நாமில் செயற்பாட்டாளர்களின் வாயை அடைக்க இப்படிக் கூட்டு முறைப்பாடு செய்த கணக்குகளை 2021இல் மெட்டாவே நீக்கியது.

2025 ஜனவரியில் மெட்டா இன்னொரு மாற்றத்தை அறிவித்தது: பாரதூரம் குறைந்த மீறல்களை இயந்திரம் தேடிப் பிடிக்காது, யாராவது முறைப்பாடு செய்தால்தான் பார்க்கப்படும். அதனால் முறைப்பாட்டின் பாரம் இப்போது நம் தோளில் கூடுதலாக விழுகிறது. வன்முறைத் தூண்டுதலை "ஸ்பாம்" என்ற பிரிவில் போடுவதால் பயனில்லை, சரியான பிரிவைத் தேடுங்கள். அதற்கு முன் லிங்க், திகதியுடன் ஸ்க்ரீன்ஷொட் எடுத்து வையுங்கள். பதிவு நீக்கப்பட்ட பின் பொலிஸில் காட்ட வேறெதுவும் இருக்காது. "பாருங்கள் எப்படி எழுதியிருக்கிறான்" என்று அதையே பகிர்வது அவனுக்குச் செய்யும் இலவச விளம்பரம்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சேவைகள் சட்டத்தின் கீழ், தன் ஒவ்வொரு உத்தியோகபூர்வ மொழிக்கும் எத்தனை பேர் பதிவுகளை மீளாய்வு செய்கிறார்கள் என்று பெரிய நிறுவனங்கள் கணக்குக் காட்டவேண்டும். சிங்களத்துக்கும் தமிழுக்கும் அதே கணக்கைக் கேட்க இலங்கைக்கும் உரிமை உண்டு. 2024இல் நிகழ்நிலைக் காப்புச் சட்டத்துக்குக் கை உயர்த்தியவர்களும் எதிர்த்தவர்களும் பாராளுமன்றத்தில் இருக்கிறார்கள். நம் வாக்கில் போன உறுப்பினர்கள் அங்கே கேட்கவேண்டிய கேள்வி இது.