இடுப்பில் துப்பாக்கி, எல்லையில் சிறை

மாநில சுயாட்சி என்று வந்துவிட்டால் நம் சங்கத்தில் வாய் மூடி இருப்பவர் எவருமில்லை. 1969-ஆம் ஆண்டில் தமிழக அரசு அமைத்த இராசமன்னார் குழுவில் தொடங்கி அமெரிக்காவில் போய் முடிப்பது நம் சொற்பொழிவாளர்களின் வழக்கம். "அங்கே ஒவ்வொரு மாநிலமும் தனியரசு போல் இயங்குகிறது, பாரீர்!" என்பர். மெய்தான். நானும் அந்தக் கட்சியைச் சேர்ந்தவனே. ஆயினும், அந்த மாநில உரிமை ஒரு கைத்துப்பாக்கியைச் சந்திக்கும்போது என்ன ஆகிறது என்பதை நாம் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும்.

நம் நாட்டில் இதில் சிக்கல் இல்லை. ஆயுதம் மத்திய அரசின் பட்டியலில் உள்ள பொருள். 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் நாடு முழுவதற்கும் ஒன்றே. அமெரிக்க ஐக்கிய நாடுகளிலோ, ஆயுதம் தாங்கும் உரிமையை 1791-இல் சேர்க்கப்பட்ட இரண்டாவது அரசியல் சட்டத் திருத்தம் குடிமக்களுக்கு வழங்கிவிட்டது. ஆனால் துப்பாக்கியைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு கடைத்தெருவில் உலவலாமா, அதற்குச் சீட்டு வேண்டுமா, சீட்டை யாருக்குக் கொடுப்பது என்பனவற்றையெல்லாம் ஐம்பது மாநிலங்களும் தத்தம் போக்கில் தீர்த்துக்கொண்டன.

வெர்மாண்ட் மாநிலம் அனுமதிச் சீட்டு என்பதை ஒருநாளும் கேட்டதில்லை. அலாஸ்கா 2003-இலும், அரிசோனா 2010-இலும், டெக்சாஸ் 2021-இலும், புளோரிடா 2023-இலும் அதே வழியில் இறங்கின. இன்று பாதிக்கு மேற்பட்ட மாநிலங்களில் சீட்டே தேவையில்லை. இல்லினாய் 2013 வரையில் மறைத்து எடுத்துச் செல்வதையே தடுத்து வைத்திருந்தது. நீதிமன்றம் தலையிட்ட பிறகே, பதினாறு மணி நேரப் பயிற்சி முடித்தவர்க்குச் சீட்டு வழங்க இசைந்தது. நியூயார்க்கிலோ 1911-ஆம் ஆண்டிலேயே சீட்டுச் சட்டம் வந்துவிட்டது. "எனக்கு அச்சமாக இருக்கிறது" என்றால் போதாது. பிறருக்கில்லாத தனிப்பட்ட தேவை உண்டென்று மெய்ப்பிக்க வேண்டும் என்பது அங்கே விதியாக இருந்தது. 2022-ஆம் ஆண்டு ஜூன் 23-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் அவ்விதியை வீழ்த்தியது. நியூயார்க் சளைத்ததா? அதே ஆண்டில் புதுச் சட்டம் இயற்றி, பதினாறு மணி நேர வகுப்பும் இரண்டு மணி நேரச் சுடும் பயிற்சியும் கட்டாயம் என்றது. டைம்ஸ் சதுக்கத்தில் துப்பாக்கியே கூடாது என்றது.

பழைய நியூயார்க் விதி போனதற்காக நான் கண்ணீர் வடிக்கவில்லை. கொடுப்பதும் மறுப்பதும் அதிகாரியின் மனம் என்று விட்டுவிட்டால், செல்வாக்குள்ளவன் மனு ஒருவிதமாகவும் மற்றவன் மனு வேறுவிதமாகவும் படிக்கப்படும் என்பதை இந்தியரான நமக்கு எவரும் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை. 1956-இல் அலபாமா மாநிலத்தின் மாண்ட்கோமரி நகரில் மார்ட்டின் லூதர் கிங் வீட்டின் மீது வெடிகுண்டு வீசினார்கள். அவர் துப்பாக்கிச் சீட்டுக்கு விண்ணப்பித்தார், மறுத்துவிட்டார்கள். வீட்டில் குண்டு விழுந்தவனுக்கே தேவையில்லை என்றால் வேறு யாருக்குத்தான் தேவை? அந்த அலபாமாவில் 2023 முதல் சீட்டே வேண்டியதில்லை என்பது காலத்தின் கேலி.

இனி எல்லைக்கு வருவோம். பிலடெல்பியாவுக்கும் காம்டனுக்கும் இடையே டெலாவேர் ஆறு. அதன் மேல் ஒரு பாலம். இக்கரை பென்சில்வேனியா, அக்கரை நியூஜெர்சி. இக்கரையில் முறையாகப் பெற்ற சீட்டு அக்கரையில் வெறுங்காகிதம். அதை நம்பி இடுப்பில் துப்பாக்கியோடு பாலத்தைக் கடந்தவன் மீது சாட்டப்படும் குற்றத்துக்கு ஐந்து முதல் பத்தாண்டு வரை சிறை. அரசு வழக்கறிஞர் இரங்கினாலொழிய, குறைந்தது 42 மாதம் உள்ளே இருந்தாக வேண்டும். 1986-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் வழிப்போக்கனுக்கு ஓரளவு காப்பளிக்கிறது. ஆனால் குண்டுகளைக் கழற்றி, கைக்கெட்டாத இடத்தில் வைத்திருந்தால்தான்.

"வாகன லைசென்சு நாடெங்கும் செல்லுகிறதே, இது மட்டும் ஏன் செல்லக்கூடாது?" என்று கேட்கிறார்கள். அக்கேள்வியைக் கையிலேந்தி, ஒரு மாநிலத்தவரின் உரிமையை எல்லா மாநிலங்களும் ஏற்க வேண்டும் என்ற மசோதாவை 2017 டிசம்பரில் பிரதிநிதிகள் சபை 231-க்கு 198 என நிறைவேற்றியது. செனட் சபையில் அது கரையேறவில்லை. நல்லதாயிற்று என்பேன். வாகன லைசென்சை மாநிலங்கள் தாமாக ஒப்புக்கொண்டன. எல்லா மாநிலங்களும் தேர்வு வைத்தே அதைக் கொடுக்கின்றன. இந்த மசோதாவோ, சீட்டே கேட்காத மாநிலத்துக்காரன் தன் அடையாள அட்டையை மட்டும் காட்டிவிட்டு நியூயார்க்கில் நடமாட வழி செய்தது. அதாவது, ஐம்பதில் எது மிகத் தளர்ந்த விதியோ அதுவே ஐம்பதுக்கும் விதி! வெர்மாண்டின் மக்கள்தொகை ஏழு இலட்சத்துக்கும் குறைவு. நியூயார்க் நகரத்தில் மட்டும் எண்பது இலட்சத்துக்கு மேல். காட்டோரக் கிராமத்துக்குப் பொருந்துவதைச் சுரங்க ரயில் நெரிசலின் தலையில் கட்டுவது எந்த ஊர் நியாயம்? இதை முன்னின்று நடத்தியவர்கள், மற்ற நாட்களில் மாநில உரிமை என்று மார்தட்டும் குடியரசுக் கட்சியினர் என்பதை நம் சுயாட்சி வீரர்கள் குறித்துக்கொள்ளட்டும். மத்திய ஆட்சி தம் கைக்கு வந்ததும் மாநில உரிமை மறந்துபோகும் நோய் அமெரிக்கருக்கு மட்டும் உரியதன்று.

ஆனால் நியூஜெர்சி செய்வதும் சரியென்று நான் வாதாடமாட்டேன். தீய எண்ணமின்றி முதல் தடவை எல்லை கடந்தவனுக்கு அபராதம் விதித்துத் துப்பாக்கியைப் பறித்துக்கொண்டால் போதும். அவன் வாழ்நாளில் சில ஆண்டுகளைப் பறிக்க வேண்டியதில்லை. பயிற்சி கேட்கும் மாநிலங்கள் தங்களுக்குள் உடன்படிக்கை செய்துகொண்டு ஒன்றன் சீட்டை மற்றொன்று ஏற்கலாம். அதற்கு வாஷிங்டனின் ஆணை வேண்டியதில்லை.

மேற்படிப்புக்கு அங்கே செல்லவிருக்கும் நண்பர்களுக்கும் இதில் பங்குண்டு. மாணவர் விசாவில் செல்பவன், வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் நீங்கலாக, துப்பாக்கி வைத்திருப்பதே மத்தியச் சட்டப்படி குற்றம். பக்கத்து இருக்கைக்காரன் கதை வேறு. டெக்சாஸ் பல்கலைக்கழகக் கோபுரத்திலிருந்து ஒருவன் சுட்டுப் பலரைக் கொன்றது 1966 ஆகஸ்ட் முதல் நாள். சரியாக ஐம்பதாண்டு கழித்து, 2016 ஆகஸ்ட் முதல் நாளில், அம்மாநிலத்து அரசுப் பல்கலைக்கழகங்களில் சீட்டுள்ளவர் துப்பாக்கியை மறைத்துக் கொண்டுவரலாம் என்ற சட்டம் நடைமுறைக்கு வந்தது. கலிபோர்னியாவில் அதற்கு இடமில்லை. விண்ணப்பம் எழுதுமுன் கட்டணம், உதவித்தொகை, குளிர் என்றெல்லாம் அட்டவணை போடுகிறோம் அல்லவா? அதில் இதற்கும் ஒரு கட்டம் போட்டுக்கொள்ளுங்கள்.