நெய்வார் பலர், தறி அமைப்பார் யார்?

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., கணிப்பொறி அறிவியல்)

“பி.எஸ்ஸி. முடித்ததும் என்ன செய்யப் போகிறாய்?” இரண்டாம் ஆண்டில் அடியெடுத்து வைத்த நாள் முதல் இந்தக் கேள்வி என்னை விடாமல் துரத்துகிறது. உறவினர் கேட்கிறார்கள், பக்கத்துத் தறிக்காரர் கேட்கிறார், போன மாதம் என் தந்தையாரும் கேட்டுவிட்டார். “ஏதாவது கம்பெனியில் சேர்ந்துவிடுவேன், அப்பா” என்று சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது. ஆனால் நான் சொன்னது உண்மையில்லை. கணிப்பொறியின் உள்ளே நடப்பதை ஆராய வேண்டும், ஆராய்ந்ததை ஒரு கல்லூரியில் கற்பிக்க வேண்டும் என்பதே என் ஆசை. வீட்டில் சொல்லத் துணிவு வராததை இந்த மலரில் சொல்லிப் பார்க்கிறேன்.

நான் பிள்ளையார்பாளையத்து நெசவாளர் வீட்டுப் பிள்ளை. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். விடுமுறை நாட்களில் தார் சுற்றுவது என் வேலை. தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டியில் துளையிட்ட அட்டைகள் சங்கிலி போல் கோத்துத் தொங்கும். துளை உள்ள இடத்தில் ஊசி நுழையும். அதனோடு இணைந்த கொக்கி பாவு இழையை மேலே தூக்கும். துளை இல்லாத இடத்தில் ஊசி பின்னுக்குத் தள்ளப்படும்; இழை கீழேயே கிடக்கும். அட்டை ஒவ்வொன்றாய் நகர நகர, புடவைக் கரையில் மயிலும் மாங்காயும் தோன்றும். முதலாண்டில் எங்கள் பேராசிரியர் கரும்பலகையில் ஒன்று, சுழி என்று எழுதி, “கணிப்பொறிக்குத் தெரிந்தது இவ்விரண்டுதான்” என்றபோது எனக்கு அந்த அட்டைகள்தாம் நினைவுக்கு வந்தன.

அது வெறும் கற்பனை அன்று என்பதைப் பின்னர் படித்து அறிந்தேன். பிரான்சு நாட்டு லியோன் நகரில் பட்டுத் தறிக்காக ஜக்கார்டு என்பவர் இந்தக் கருவியை 1804-இல் உருவாக்கினார். அந்த அட்டையைப் பார்த்துத்தான் இங்கிலாந்தின் சார்லஸ் பாபேஜ் 1830-களில் தம் கணக்கிடும் பொறிக்கு வழி கண்டார். 1890-இல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கைத் துளை அட்டைகளால் எண்ணினார் ஹாலரித். 1963-இல் கான்பூர் ஐ.ஐ.டி.க்கு ஐ.பி.எம். 1620 கணிப்பொறி வந்தபோது அதற்கும் துளையிட்ட அட்டைகளே உணவாயின. நம் வீட்டுத் தறியும் அந்தப் பொறியும் ஒரு வகையில் பங்காளிகள்!

அந்தக் கான்பூரில்தான் ஒரு தமிழரின் பணி தொடங்கியது. 1933-இல் ஈரோட்டில் பிறந்தவர் வி. இராஜாராமன். பெங்களூரிலும் அமெரிக்காவிலும் பயின்று விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். அங்கேயே தங்கியிருக்கலாம், ஆனால் தாயகம் திரும்பிக் கான்பூரில் ஆசிரியரானார். 1965-இல் அங்கே கணிப்பொறியைச் சிறப்புப் பாடமாகக் கொண்ட எம்.டெக். படிப்பைத் தொடங்கி வைத்தார். 1969-இல் நிரல் எழுதுவது பற்றி மாணவர் வாங்கக்கூடிய விலையில் பாடநூல் எழுதினார். 1982 முதல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் பணியாற்றினார். பொறியியல் படிக்காத பட்டதாரிகளும் இத்துறைக்குள் நுழையும்படி எம்.சி.ஏ. படிப்பைப் பரிந்துரைத்ததும் அவர் தலைமையிலான குழுவே. நண்பர்களே, நமக்காக அந்தக் கதவைத் திறந்து வைத்தவர் ஓர் ஆசிரியர் என்பதை எண்ணிப் பாருங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் நெய்பவர் பலர். ஆனால் ஜக்கார்டு பெட்டியைக் கழற்றிப் பூட்டத் தெரிந்தவர் ஒரே ஒரு பெரியவர்தான். கொக்கி தவறினால் அவர் வரும்வரை தறி நிற்கும். தறி நின்றால் கூலியும் நிற்கும். கணிப்பொறித் துறையிலும் நம் நாட்டின் நிலை ஏறத்தாழ இதுதான். பிறர் செய்த பொறியில் நிரல் எழுத நம்மிடம் இலட்சக்கணக்கானோர் உண்டு. பொறியின் மூளையாகிய பிராசசரையும், அதை ஆளும் ஆபரேட்டிங் சிஸ்டத்தையும் ஆக்கத் தெரிந்தவர் எத்தனை பேர்? இந்தக் குறையைப் போக்கச் சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர்களும் மாணவர்களும் சேர்ந்து ‘சக்தி’ என்னும் பிராசசரை வடிவமைத்தார்கள். 2018-இல் அது சில்லாக உருப்பெற்று வந்தது. ஆகவே நம்மால் முடியாதது அன்று. முயல்வோர் போதவில்லை என்பதே என் கருத்து.

கம்பெனி வேலையை நான் குறைத்துப் பேசவில்லை. எங்கள் தெருவில் ஓர் அக்காவின் சம்பளம்தான் அவர்கள் வீட்டுக் கடனை அடைத்தது. பசித்த வீட்டுக்கு முதலில் சோறு வேண்டும், ஆராய்ச்சி பிறகு. என் கணக்கையே பாருங்கள். பட்டம் பெறும்போது வயது 21. மேற்படிப்பு இரண்டாண்டு, முனைவர் பட்டத்துக்கு ஐந்தாண்டு என்றால் 28 ஆகிவிடும். அதுவரை என் தந்தையாரின் கண்ணும் முதுகும் தறியில் தாங்குமா? இரவில் விழித்துக்கொண்டு நான் கேட்கும் கேள்வி இது.

ஆனால் நம்மில் பலர் அறியாத செய்தி ஒன்று உண்டு. நெட் தேர்வில் ஆராய்ச்சி உதவித்தொகைக்குத் தகுதி பெற்று ஆய்வில் சேர்ந்தவருக்கு 2023 முதல் தொடக்கத் தொகையே மாதம் 37,000 ரூபாய். ஆய்வு மாணவர் என்றாலே வீட்டுக்குப் பாரம் என்று நினைப்பது தவறு. உண்மையான இடர், அதற்கு முந்திய மேற்படிப்பின் இரண்டாண்டுகள்தாம். புதுமைப்பெண் திட்டத்தில் மாதந்தோறும் வரும் ஆயிரம் ரூபாய் என் போன்ற மாணவிக்குக் கல்லூரிப் படிப்பில் கைகொடுக்கிறது. அதுபோல, முதல் தலைமுறைப் பட்டதாரிகள் மேற்படிப்பைத் தாண்டவும் ஒரு கை நீள வேண்டும் என்று அரசைக் கேட்டுக்கொள்கிறேன்.

கல்லூரியிடமும் ஒரு வேண்டுகோள். ஆபரேட்டிங் சிஸ்டம் பாடத்தை நாம் மனப்பாடம் செய்கிறோம், எழுதுகிறோம், மறக்கிறோம். 1991-இல் லினக்ஸை எழுதத் தொடங்கியபோது லினஸ் டோர்வால்ட்ஸ் 21 வயது மாணவர். அவர் எழுதியதை இன்று யாரும் காசில்லாமல் திறந்து படிக்கலாம். கற்பிப்பதற்கென்றே அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆக்கிய ‘எக்ஸ்.வி.6’ சில ஆயிரம் வரிகளே உடையது. ‘சக்தி’ பின்பற்றும் ‘ரிஸ்க்-ஃபைவ்’ ஆணைத் தொகுதியிலேயே அதுவும் ஓடும். ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் வகுப்புகள் என்.பி.டி.இ.எல். வழியாக இலவசமாகக் கிடைக்கின்றன. வாரம் ஒரு மாலை, ஓர் ஆசிரியர், பத்து மாணவர், பழுதாகி மூலையில் கிடக்கும் ஒரு கணிப்பொறி போதும். அதைக் கழற்றி, படித்து, மீண்டும் பூட்டிப் பார்ப்போமே!

“இதெல்லாம் நமக்கு வருமா?” என்று சில தோழியர் தயங்குகிறார்கள். நாளந்தாவில் தலைமை ஆசானாய் விளங்கிய தருமபாலர் காஞ்சியில் பிறந்தவர் என்று சீனப் பயணி யுவான் சுவாங் எழுதி வைத்தார். கற்பிக்கும் தொழில் இந்த ஊருக்குப் புதிதன்று. நம் ஊரின் பெயரைத் தாங்கி 2007-இல் தோன்றிய ஐ.ஐ.ஐ.டி.டி.எம். காஞ்சிபுரம், இன்று செங்கல்பட்டு மாவட்டத்தில் அடங்கிய கண்டிகையில் இருக்கிறது. சிறுசேரியிலுள்ள சென்னை மேத்தமேட்டிகல் இன்ஸ்டிடியூட், நுழைவுத் தேர்வு வைத்து பி.எஸ்ஸி. படித்தோரையும் எம்.எஸ்ஸி. கணிப்பொறி அறிவியலில் சேர்க்கிறது. பேருந்து ஏறிப் போகும் தூரம்தான். ஊர்ப் பெயர் போய்ச் சேர்ந்துவிட்டது. நாமும் போய்ச் சேர வேண்டாமா?

எல்லோரும் ஆராய்ச்சிக்கு வாருங்கள் என்று நான் அழைக்கவில்லை. வகுப்புக்கு ஒருவர் வந்தால் போதும். அந்த ஒருவர் நாளை ஆசிரியராகித் திரும்பினால், அடுத்து வரும் நெசவாளர் வீட்டுப் பிள்ளை “இந்தப் பொறி எப்படி ஓடுகிறது?” என்று கேட்கும்போது பதில் சொல்ல ஊரிலேயே ஆள் இருக்கும்.

இந்த மலர் அச்சாகி வந்ததும், அப்பா தறியிலிருந்து எழுந்து கைகால் கழுவி உட்கார்ந்த பிறகு, இந்தப் பக்கத்தை அவருக்கு வாசித்துக் காட்டப் போகிறேன். போன மாதம் சொன்ன பதிலை மாற்றிக்கொள்ள எனக்கு வேறு வழி தெரியவில்லை. அவர் என்ன சொல்வாரோ, அறியேன். ஆனால் துளை அட்டையைப் பற்றிய பகுதி வரும்போது நிச்சயம் நிமிர்ந்து உட்காருவார்.