கண்ணேறு பொம்மையும் குழந்தையின் கண்ணும்

புரட்டாசி, ஐப்பசித் திங்கள்களில் கொங்கு நாட்டின் வாசல்கள்தோறும் கோர முகங்கள் தோன்றத் தொடங்குகின்றன. ஆயுத பூசையை ஒட்டிக் கோவையின் வார்ப்படப் பட்டறைகளிலும், சோமனூர், பல்லடம் பகுதிகளின் விசைத்தறிக் கூடங்களிலும் சாம்பல் பூசணிக்காயில் கோரைப்பல்லும் உருட்டு விழியும் வரையப்படுகின்றன. கட்டி முடியாத வீட்டின் முகப்பில் வைக்கோல் திணித்த பொம்மை தொங்குகிறது. சோளக்காட்டில் வெள்ளைப் புள்ளியிட்ட கரிப்பானை காவல் நிற்கிறது. அக்டோபர் 31 அன்று மேலை நாட்டார் கொண்டாடும் ஹாலோவீன் திருநாளின் பூசணி முகங்களும் இப்போது நகரில் ஆங்காங்கே தலைகாட்டுகின்றன. அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் டர்னிப் கிழங்கைக் குடைந்து உருவாக்கிய முகமே, அமெரிக்காவிற் குடியேறியோர் கையில் பூசணியாயிற்று. தீங்கை அச்சுறுத்தி விரட்டும் எண்ணம் நமக்கு மட்டும் உரியதன்று.

இவ்வழக்கத்தை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட எங்களுக்கு மனமில்லை. உடைந்த பானை, பழைய சட்டை, வைக்கோல், கொட்டாங்கச்சி, தேங்காய் நார் ஆகியவற்றைக் கொண்டு பாட்டியும் பேரனும் ஒன்றாக அமர்ந்து ஒரு பூச்சாண்டியைச் செய்வது நல்ல பொழுதுபோக்கு. தான் அஞ்சும் முகத்தைத் தானே வரையும் குழந்தைக்கு அச்சம் குறைகிறது. கடையில் வாங்கும் நெகிழி முகமூடி இதைத் தராது. ஆயினும், கண் மருத்துவர்கள் என்ற முறையில் நாங்கள் வலியுறுத்த விரும்புவது ஒன்றுண்டு: பிறர் கண் படாதிருக்கச் செய்யும் பொம்மைக்காக நம் வீட்டுப் பிள்ளையின் கண் பறிபோகக் கூடாது.

பானைக்குப் புள்ளி வைக்கப் பயன்படும் சுண்ணாம்பையே முதலிற் குறிப்பிடுகிறோம். வெற்றிலைப் பெட்டியில் எளிதாகக் கிடைப்பதால் அதன் கடுமையை நாம் உணர்வதில்லை. அது வன்மையான காரம். அமிலம் பட்டால் கண்ணின் மேற்பரப்பில் உள்ள புரதம் உறைந்து, மேலும் உட்செல்வதை ஓரளவு தடுக்கும். காரமோ திசுக்களைக் கரைத்துக்கொண்டு உள்ளே இறங்கிக்கொண்டே இருக்கும். கருவிழியின் விளிம்பில் அதன் மேற்தோலைப் புதுப்பிக்கும் மூல உயிரணுக்கள் உள்ளன. அவை அழிந்தால் கருவிழி வெண்மையாகி ஒளி புகாமற் போகும். பின்னர்க் கருவிழி மாற்று அறுவை மட்டும் செய்தாலும் பல வேளைகளிற் பயன் நிலைப்பதில்லை. சுண்ணாம்புப் பொட்டலத்தையோ குழலையோ பிள்ளைகள் அழுத்தி விளையாடும்போது அது வெடித்து முகத்தில் தெறிப்பதே, சிறார் கண்ணைச் சுண்ணாம்பு சிதைக்கும் வழக்கமான வழி.

அவ்வாறு நேர்ந்தால் முதல் மருத்துவர் வீட்டில் இருப்பவரே. கண்ணை விரித்துப் பிடித்து, குழாய்த் தண்ணீரையோ தூய குடிநீரையோ குறைந்தது 30 நிமிடம் இடைவிடாது ஊற்றிக் கழுவுங்கள். தாய்ப்பால், விளக்கெண்ணெய், எலுமிச்சைச் சாறு எதையும் விடாதீர்கள். கசக்க விடாதீர்கள். கழுவிய பிறகு, வலி குறைந்திருந்தாலும், உடனே கண் மருத்துவமனைக்கு வாருங்கள். எங்களிடம் வந்து சேரும் விரைவைக் காட்டிலும், வீட்டிற் கழுவத் தொடங்கிய விரைவே பார்வையைக் காக்கிறது.

சுண்ணாம்பில்லாமலும் பொம்மை செய்ய இயலும். அடுப்புக்கரியைக் குழைத்துப் பானைக்குப் பூசுங்கள். வெள்ளைப் புள்ளிக்குப் பச்சரிசி மாவுக் கரைசல் போதும். மழையில் கரையும் என்பது உண்மை. ஆதலால் வெள்ளைத் துணியை வட்டமாக வெட்டி மைதாப் பசையால் ஒட்டலாம். நாக்குக்குச் சிவப்புத் துணி, மீசைக்குத் தேங்காய் நார். பல்லுக்குத் துடைப்பக் குச்சி வேண்டா. அட்டையை நறுக்கிக் கொள்ளுங்கள். கண்ணிற் குத்தும் குச்சி, காயத்தோடு பூஞ்சையையும் உள்ளே செலுத்திவிடும். அத்தகைய புண்ணுக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு சொட்டு மருந்து பெருங்கேடு விளைவிக்கும். ஹாலோவீன் வேடத்துக்கென விற்கும் வண்ண லென்சுகளையும் மருத்துவர் பரிந்துரையின்றி அணிய வேண்டா. அமெரிக்காவில் 2005-ஆம் ஆண்டு முதல் இவை சட்டப்படி மருத்துவக் கருவிகளாகவே கருதப்படுகின்றன.

அறுவை முடிந்து வீடு திரும்புவோருக்கு ஆரத்தி எடுக்கும் குடும்பத்தாருக்கும் ஒரு சொல். மஞ்சள் நீரைச் சிவக்கச் செய்வது அதிற் கலக்கும் சுண்ணாம்பே. கண்புரை அறுவை செய்துகொண்டவருக்கு அந்நீரைத் தொட்டு நெற்றியில் இடாதீர்கள். கற்பூரப் புகையும் முகத்தருகே வர வேண்டா. சுற்றி எடுத்து வாசலில் ஊற்றிவிட்டால் அன்பும் குறையாது, கண்ணும் நலம் பெறும்.

இறுதியாகப் பூசணிக்காய். அதைச் சாலை நடுவே உடைத்தால், பின்னிரவில் வேலை முடித்து இருசக்கர வண்டியில் வருபவர் அதன்மேல் வழுக்கி விழக்கூடும். நம் வீட்டுக்கு வரவிருந்த தீங்கை முகமறியாத ஒருவர்மேல் ஏற்றிவிடுவது எவ்வகைக் காப்பு? வாசலோரம் உடைத்து, அப்பொழுதே கூட்டி எருக்குழியில் இடுங்கள்.

இவ்வாண்டும் பொம்மை செய்யுங்கள். எவ்வளவு கோரமாக வேண்டுமோ அவ்வளவு கோரமாகச் செய்யுங்கள். சுண்ணாம்பு டப்பியை மட்டும் பிள்ளைகளின் கைக்கு எட்டாத உயரத்தில் வைத்துவிட்டுத் தொடங்குங்கள்.