நிதானத்தை அளப்பது யார்?



ஓர் இளைஞனின் ஜனாஸாவை அடக்கிவிட்டு மையவாடியிலிருந்து திரும்பிக் கொண்டிருந்தோம். இரவில் மோட்டார் சைக்கிளில் கிளம்பியவன், நின்றிருந்த லாரியில் மோதி இறந்து போனான். அவனோடு இருந்த நண்பன் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். "ஹஜ்ரத், அவன் குடிச்சிருந்தான், மறைக்கல. ஆனா நிதானமாத்தான் வண்டிய எடுத்தான். 'நான் ஸ்டெடியா இருக்கேன்டா'ன்னு சொல்லிட்டுத்தான் போனான்."

அந்த ஒரு வார்த்தைதான் இதை எழுத வைத்தது. குடி ஹராம் என்பது உங்களுக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தும் குடிப்பவன் எதை நம்பிக் குடிக்கிறான்? தன் நிதானத்தை நம்பி! அந்த நம்பிக்கையின் லட்சணத்தைக் கொஞ்சம் பாருங்கள்.

சோறும் கறியும் செரிக்க மணிக்கணக்கில் ஆகிறது. மதுவில் போதை தரும் எத்தனாலுக்குச் செரிமானமே தேவையில்லை. அது தண்ணீரிலும் கரையும், கொழுப்பையும் ஊடுருவும். ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இரைப்பை வழியாகவும், மீதி சிறுகுடல் வழியாகவும் நேரே இரத்தத்தில் கலக்கிறது. வெறும் வயிறு என்றால் வேகம் இன்னும் அதிகம். கண்ட பொருளும் மூளைக்குள் நுழையாதபடி அங்குள்ள இரத்தக் குழாய்ச் சுவர்களிலேயே இறைவன் ஒரு காவலை வைத்திருக்கிறான். எத்தனால் அந்தக் காவலையும் கடந்து, சில நிமிடங்களில் மூளைக்குள் போய்விடுகிறது.

போய் என்ன செய்கிறது? மூளையைத் தூண்டும் குளூட்டமேட்டை அமுக்குகிறது. மூளையை அடக்கும் காபாவுக்கு வலு சேர்க்கிறது. டோபமைனைக் கூட்டி, "ஆஹா, சுகம்" என்று ஏமாற்றுகிறது. நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளைதான், "வேண்டாம், ஆபத்து" என்று நம்மைத் தடுப்பது. அது தொடக்கத்திலேயே மங்கத் தொடங்குகிறது. சிறுமூளை பாதிக்கப்பட்டுக் கால் தள்ளாடுவது அதற்குப் பிறகுதான். அளவு மிஞ்சினால் மூச்சை இயக்கும் பகுதியே அடங்கி உயிர் போகும்.

இப்போது சொல்லுங்கள். "நான் ஸ்டெடி" என்று தீர்ப்பளித்தது எது? முதலில் கெட்டுப்போன அதே மூளைதானே! தராசைக் கோணலாக்கிவிட்டு, "எடை சரியாக இருக்கிறது" என்று சொல்பவனிடம் நீங்கள் சரக்கு வாங்குவீர்களா?

வியாபாரிகளே! உங்களுக்குக் கணக்குப் பார்க்கத் தெரியும், இதையும் பாருங்கள். குவார்ட்டர் என்பது 180 மில்லி. அதில் 42.8 சதவீதம் எத்தனால் என்றால் எடையில் சுமார் 60 கிராம். ஈரல் அதை எரிப்பது மணிக்கு 7, 8 கிராம்தான். இரவு 10 மணிக்குக் குடித்தவனுக்குக் கணக்குத் தீரக் காலை 6 மணி ஆகிவிடும்! மோரோ, எலுமிச்சைச் சாறோ, காபியோ ஈரலை அவசரப்படுத்தாது. ஃபஜ்ருக்கு பாங்கு சொல்லும்போதும் அவன் இரத்தத்தில் அது ஓடிக்கொண்டிருக்கும். தான் சொல்வது தனக்கே விளங்காத நிலையில் தொழுகையை நெருங்காதே என்று முதலில் தடுத்து (4:43), பிறகு மதுவையே முற்றாகத் தடுத்த (5:90) மார்க்கத்தின் ஞானத்தைச் சிந்தியுங்கள்.

நம் நாட்டு மோட்டார் வாகனச் சட்டமும் வண்டி ஓட்டுபவனின் சொல்லை நம்புவதில்லை. 100 மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் குற்றம் என்கிறது. ஒரு குவார்ட்டர் அந்த எல்லையை வெகு சுலபமாகத் தாண்டிவிடும். டீலர் மீட்டிங்கில் "ஒரு பெக்தானே பாய்" என்று நீட்டிவிட்டு, கூடவே ஆர்டர் பாரத்தையும் நீட்டுகிறார்களே, ஏன் என்று யோசித்தீர்களா? அந்தப் பேனாவைப் பிடிப்பது உங்கள் கை. தடுக்க வேண்டிய மூளை அப்போது விழிப்பில் இல்லை!

இளைஞர்களே! குடிக்காதீர்கள் என்பதுதான் முதல் சொல். இரண்டாவது சொல், குடிக்காத உங்களுக்கு. குடித்த நண்பன் "ஸ்டெடி" என்றால் நம்பாதீர்கள். மானம் போகுமே என்று ஒதுங்காதீர்கள். சண்டை வந்தாலும் சாவியைப் பிடுங்குங்கள், வீட்டில் கொண்டுபோய் விடுங்கள்.

அன்றிரவு ஒருவர் சாவியைப் பிடுங்கியிருந்தால், மறுநாள் நாங்கள் சந்தூக்கைச் சுமந்திருக்க மாட்டோம்.