எலியைக் கொன்றால் நோய் குறையுமா?

எலி ஒழிப்பில் ஒரு நகராட்சியின் சாதனை பெரும்பாலும் ஒரே கணக்கில் அடங்கிவிடுகிறது: எத்தனை எலிகள் செத்தன? தொல்லையைக் குறைப்பதுதான் நோக்கம் என்றால் அந்தக் கணக்கு ஓரளவு செல்லும். எலிக்காய்ச்சல் போன்ற நோய்களிலிருந்து மக்களைக் காப்பது நோக்கம் என்றால் செல்லாது. அரைகுறையாகக் கொல்வது நோயைக் கூட்டவும் கூடும். நகரத்துச் சாக்கடைகளிலும் கட்டட இடுக்குகளிலும் வாழும் பழுப்பு எலியைப் பற்றி 1940களிலிருந்து நடந்துவரும் ஆய்வுகள் நம்மை இந்த முடிவை நோக்கியே கொண்டுசெல்கின்றன.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் கர்ட் ரிக்டர் புதிய நஞ்சு ஒன்றை உருவாக்கித் தெருத்தெருவாக வைத்துப் பார்த்தார். எலிகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. ஆனால், அதே பல்கலைக்கழகத்தின் டேவிட் டேவிஸ் தொடர்ந்து கணக்கெடுத்தபோது, மிஞ்சிய எலிகள் பெருகிப் பழைய அளவை எட்டிவிடுவது தெரிந்தது. பழுப்பு எலியின் சினைக்காலம் மூன்று வாரம்தான். ஓர் ஈற்றில் ஏழெட்டுக் குட்டிகள் பிறக்கும். ஓரிடத்தில் எத்தனை எலிகள் இருக்கும் என்பதை அங்குள்ள இரையும் ஒளிவிடமுமே தீர்மானிக்கின்றன என்றார் டேவிஸ். அரை நூற்றாண்டு கழித்து, 2005இல் வெளியான ஆய்வு, பால்டிமோர் குடியிருப்புகளின் எலித்தொகை 1940களின் இறுதியில் இருந்த அளவிலேயே நிற்பதாகக் கண்டது. இடையில் வார்ஃபரின் என்ற புகழ்பெற்ற எலிமருந்தும் வந்தது. 1958இலேயே ஸ்காட்லாந்தில் அதற்கு அசையாத எலிகள் தென்பட்டன.

எலிகளின் எண்ணிக்கை மீண்டுவிடுவது பழைய செய்தி. நோய் என்ன ஆகிறது என்பதைக் கனடாவின் வான்கூவர் நகர ஆய்வுகள் காட்டின. செல்சி ஹிம்ஸ்வொர்த் தலைமையிலான குழு 2011 முதல் அங்குள்ள ஓர் ஏழைக் குடியிருப்பின் எலிகளைப் பிடித்துச் சோதித்தது. எலிக்காய்ச்சலை உண்டாக்கும் லெப்டோஸ்பைரா கிருமி சில கட்டடத் தொகுதிகளில் ஓர் எலியிடமும் இல்லை. வேறு சிலவற்றில் மூன்றில் இரண்டு பங்கு எலிகளிடம் இருந்தது. பழுப்பு எலி தன் தொகுதியை விட்டுத் தெருவைக் கடப்பது அரிது. அதனால் தொற்று அந்தந்தக் குடும்பக் கூட்டத்துக்குள் முடங்கிக் கிடக்கிறது. இதே குழு 2018இல் வெளியிட்ட ஆய்வில், கொல்பொறி வைத்த தொகுதிகளில் மிஞ்சிய எலிகள் கிருமியைச் சுமக்கும் சாத்திய விகிதம் ஏறத்தாழ 9.5 மடங்கு கூடியிருந்தது. கொல்லப்பட்ட எலிகளின் இடத்துக்காக மற்றவை போட்டியிடுவதும், கூட்டத்தின் ஒழுங்கு குலைந்து புதிய உறவுகளும் சண்டைகளும் உண்டாவதும் காரணமாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் விளக்கம்.

ஒரு நகரத்தின் ஒரே ஆய்வை வைத்துக் கொள்கை வகுக்கலாமா என்று கேட்பது நியாயம். அதே நகரில், எலிகளைக் கொன்ற தொகுதிகளில் பார்டோனெல்லா என்ற மற்றொரு கிருமி இப்படிக் கூடவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். எனவே ‘கொன்றால் நோய் பெருகும்’ என்று விதி எழுத முடியாது. ஆனால் ‘கொன்றால் நோய் குறையும்’ என்று விதி எழுதவும் இந்த முடிவுகள் இடம் தரவில்லை. கால்நடைக் காசநோயைத் தடுக்க பிரிட்டனில் 1998 முதல் 2005 வரை நடந்த பரிசோதனையும் எச்சரிக்கிறது. பேட்ஜர் என்ற வளைவாழ் விலங்குகளைத் தொடர்ந்து கொன்ற பகுதிக்குள் மாடுகளின் காசநோய் குறைந்தது. அதை ஒட்டிய நிலங்களில் கூடியது. கூட்டமாக வாழும் விலங்கைக் கலைத்தால் கிருமியும் அதனுடன் சிதறிப் பரவக்கூடும்.

எலியை முற்றாக ஒழித்த இடங்கள் இல்லையா என்பது அடுத்த கேள்வி. உண்டு. தென் அட்லாண்டிக்கின் தென் ஜார்ஜியா தீவு எலியற்றது என 2018இல் அறிவிக்கப்பட்டது. ஆனால் அது கடல் சூழ்ந்த தீவு. எலி வாழ்ந்த கரைப்பகுதிகளைப் பனியாறுகளும் பிரித்து வைத்திருந்தன. கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணம் 1950 முதல் எல்லையிலேயே எலியை மறித்துவருகிறது. வெளியிலிருந்து எலி வரும் வழிகள் அடைபட்டிருந்ததால்தான் இந்த இரண்டும் கைகூடின. அன்றாடம் சரக்கும் குப்பையும் புரளும் நகரத்தில் முழு ஒழிப்பு வாய்ப்பதில்லை. மிஞ்சுவது அரைகுறைக் கொலைதான்.

அப்படியானால் கொல்வதைவிட எலி வாழும் சூழலை மாற்றுவதே வழி. சாக்கடையைச் சீராக்கப் பல ஆண்டுகள் ஆகுமே, அதுவரை ஏழைகள் சாவதா என்பதே இருப்பதில் வலுவான மறுப்பு. உலகில் ஆண்டுக்குச் சுமார் பத்து லட்சம் பேரை எலிக்காய்ச்சல் தாக்குவதாகவும், ஏறத்தாழ 59,000 பேர் இறப்பதாகவும் 2015இல் மதிப்பிடப்பட்டது. பிரேசிலின் சால்வடோர் நகரக் குடிசைப்பகுதிகளில் நடந்த ஆய்வுகளோ, திறந்த சாக்கடைக்கு அருகில் வசிப்பவர்களுக்கே தொற்றும் ஆபத்து கூடுதல் என்று காட்டின. எலியின் சிறுநீர் கலந்த நீரும் சேறும் மனிதர் தோலைத் தொடும் இடம் அது. அந்தச் சாக்கடையை மூடினால், ஓர் எலிகூடச் சாகாவிட்டாலும் கிருமி மனிதரை அடையும் ஒரு பெரிய வழி அடைபடும். நஞ்சோ பொறியோ இதைச் செய்யாது. பணமும் ஆட்களும் குறைவாக உள்ள நகரம் முதலில் செலவிட வேண்டிய இடமும் அதுவே.

பொறியும் நஞ்சும் அடியோடு வேண்டாம் என்பதல்ல இதன் பொருள். ஒரு தொகுதியின் குப்பையை மூடிய தொட்டிக்கு மாற்றி, ஓட்டைகளை அடைத்த பிறகு வைக்கும் பொறிக்குப் பலன் உண்டு. செத்த எலியின் இடத்தை நிரப்ப வரும் எலிக்கு அங்கே இரை இருக்காது. அந்த வரிசையை நகராட்சிகள் கடைப்பிடிக்க வேண்டுமானால், அவற்றிடம் நாம் கேட்கும் கணக்கு மாற வேண்டும். எத்தனை மீட்டர் சாக்கடை மூடப்பட்டது, பிடிபட்ட எலிகளில் எத்தனை கிருமி சுமந்தன, அந்தத் தெருவில் எத்தனை பேருக்குக் காய்ச்சல் வந்தது? இவற்றைச் சொல்லாத எந்த அறிக்கையும், அதில் எத்தனை ஆயிரம் செத்த எலிகள் எண்ணப்பட்டிருந்தாலும், பொதுச் சுகாதார அறிக்கை ஆகாது.