பிடிக்காவிட்டால் மாறிக்கொள்ளலாமா?

தொலைபேசியும் தொலைக்காட்சியும் ஒரே சிம்மில் தருகிறோம் என்று புதியதொரு நிறுவனம் கடைத்தெருவில் குடை விரித்து உட்காரும்போது, "இந்த விலை எத்தனை மாதத்துக்கு? எங்கள் தெருவில் டவர் எடுக்குமா? கட்டிய முன்பணம் திரும்பி வருமா?" என்று கேட்கிற மனிதரைக் காலத்துக்கு ஒவ்வாதவர் என்று கருதும் அபிப்பிராயம் ஒன்று நம்மிடையே வேரூன்றிவிட்டது. "வாங்கிப் பாருங்கள், பிடிக்காவிட்டால் அதே நம்பரோடு வேறு கம்பெனிக்கு மாறிக்கொள்ளலாமே, இதற்கு ஏன் இத்தனை சந்தேகம்?" என்று விற்பவர் சொல்வது இயல்பு. படித்த மக்களும், நம் வீட்டு இளைஞர்களும் அதையே சொல்வதுதான் எனக்குப் பெரும் விசாரத்தைத் தருகிறது. இந்த நம்பிக்கை முழுப் பிழை என்பது என் திடமான கருத்து.

வெள்ளாற்றின் தென்கரையில், திட்டக்குடிக்கு எதிரே இருக்கும் லப்பைக்குடிக்காட்டில் இந்தப் பிழையின் விலை மற்ற ஊர்களைவிட அதிகம். வளைகுடா நாடுகளுக்குப் போய் உழைப்பவர்கள் நிறைந்த ஊர் அது. மகன் அனுப்பிய பணம் பாங்கியில் சேர்ந்ததைத் தாய்க்குத் தெரிவிப்பதும், அந்தப் பணத்தை எடுக்க வேண்டிய ரகசிய எண்ணைக் கொண்டுவருவதும், இரவில் அவன் குரலைக் கேட்கச் செய்வதும் ஒரே நம்பர்தான். அந்த நம்பர் மூன்று நாள் மௌனமாகிவிட்டால் அந்தக் குடும்பத்தின் வரவு செலவும் நிம்மதியும் ஒருங்கே நின்றுபோகும். ஆகவே அந்தத் தாய் கேட்கும் கேள்வியை அறியாமை என்று தள்ளுவதற்கு எவருக்கும் பாத்தியதை இல்லை.

நம்பரை மாற்றாமல் நிறுவனத்தை மாற்றும் உரிமை 2011 ஜனவரி 20 முதல் நாடு முழுவதும் நமக்கு உண்டு. அது நல்ல உரிமையே. ஆனால் அதன் நிபந்தனைகளை எத்தனை பேர் படித்திருக்கிறார்கள்? ஒரு நிறுவனத்தில் சேர்ந்து தொண்ணூறு நாள் ஆன பிறகே வெளியேற முடியும். மீதியிருக்கும் பேலன்ஸ் புதிய இடத்துக்குக் கூட வராது. மாதக் கட்டணக்காரராயின் பாக்கி முழுவதையும் தீர்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, 2019 வரை வெளியேறுவதற்கான குறியீட்டைக் கொடுக்க வேண்டியிருந்தது நாம் விட்டு விலக விரும்பும் அதே நிறுவனம்தான்.

இந்தக் கடைசி நிபந்தனை எத்தகையதாயிருந்தது என்பதைத் தமிழ்நாடு 2018 பிப்ரவரியில் கண்டது. 1999-இல் இம்மாநிலத்தில் சேவையைத் தொடங்கி, நம்மவர் கம்பெனி என்றே மக்கள் எண்ணும் அளவுக்குப் பரவியிருந்த ஏர்செல், டவர் நிறுவனங்களுக்குச் செலுத்த வேண்டிய பாக்கி முற்றியதால் திடீரென்று பேச்சற்றுப் போயிற்று. அம்மாத இறுதியிலேயே திவால் நடவடிக்கைக்கு விண்ணப்பித்தது. மாறிக்கொள்ளலாம் என்ற உரிமை அப்போதும் சட்டத்தில் இருந்தது. ஆனால் குறியீடு கேட்டுக் குறுஞ்செய்தி அனுப்பச் சிக்னல் வேண்டும், சிக்னல் இல்லை. நிறுவனத்தின் அலுவலகங்களுக்கு முன்னால் பல ஊர்களில் ஜனங்கள் திரண்டு நின்றார்கள். வீடு பற்றி எரியும்போது கதவின் சாவி உள்ளேயே அகப்பட்டுக்கொண்டது போன்ற அந்த அவஸ்தையைப் பட்டவர்கள், "மாறிக்கொள்ளலாமே" என்ற வார்த்தையை எங்ஙனம் நம்புவார்கள்?

போட்டியினால் விலை குறைந்ததை நான் மறுக்கவில்லை. 2016 செப்டம்பர் 5-ஆம் தேதி ஜியோ வந்து சில மாதங்கள் இலவசமாகவே சேவை தந்ததனால், கூலித் தொழிலாளியின் கையிலும் இணையமும் தொலைக்காட்சியும் வந்து சேர்ந்தன என்பது உண்மை. ஆனால் அந்தப் போட்டியின் பிற்பகுதியையும் பார்க்க வேண்டும். நலிந்த நிறுவனங்கள் மறைந்தன. தனியாரில் மூவரே பெரியவர்களாக எஞ்சினர். அம்மூவரும் 2024 ஜூலையின் முதல் வாரத்தில் ஒருவர்பின் ஒருவராகக் கட்டணத்தை உயர்த்தினர். எங்கு போனாலும் அதே உயர்வு என்னும்போது, அரசின் பி.எஸ்.என்.எல்.லைத் தவிர மாறிக்கொள்ள வேறு இடம் எது?

தொலைக்காட்சியைத் தொலைபேசியோடு சேர்த்துக் கட்டி விற்பதில் உள்ள விஷயம் இன்னும் கவனிக்கத்தக்கது. 2017-இல் ஜியோபோன் அறிவிக்கப்பட்டபோது, முன்பணம் 1,500 ரூபாய் மூன்று ஆண்டில் திரும்பும், ஆகவே போன் இலவசம் என்பதே ஊரெங்கும் பேச்சாயிற்று. ஆண்டுதோறும் 1,500 ரூபாய்க்குக் குறையாமல் ரீசார்ஜ் செய்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை போன் கைக்கு வரும் சமயத்தில்தான் பலருக்குத் தெரிந்தது. பேச மட்டுமே போன் வைத்திருக்கும் முதியவர்களோ, தாம் பாராத படங்களுக்கும் தொடாத இணையத்துக்கும் சேர்த்தே நெடுநாள் பணம் கட்டிவந்தார்கள். பேச்சுக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமான தனித் திட்டம் ஒன்று ஒவ்வொரு நிறுவனத்திலும் இருந்தே தீர வேண்டும் என்று ஒழுங்குமுறை ஆணையமான டிராய் விதித்தது 2024 டிசம்பரில்தான். அந்த விதி பிறக்கக் காரணம் மாறிக்கொண்டு போனவர்கள் அல்லர். ஏன் கட்ட வேண்டும் என்று கேட்டவர்களே.

கேட்பவருக்குச் சட்டமும் நெடுங்காலம் துணை நிற்கவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். தொலைபேசித் தகராறுக்கு நுகர்வோர் மன்றம் செல்ல முடியாது, பழைய தந்திச் சட்டப்படி மத்தியஸ்தமே வழி என்று 2009-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. டிராயோ தனிமனிதர் புகாரைத் தானே விசாரிப்பதில்லை. அதற்கெனத் தனிக் குறைதீர்ப்பாளர் வேண்டும் என்று அதுவே 2004-லும் 2017-லும் பரிந்துரைத்தும் காரியம் நடக்கவில்லை. 2022 பிப்ரவரி 16-இல்தான் உச்ச நீதிமன்றம் வோடஃபோன் ஐடியா வழக்கில், நுகர்வோர் ஆணையத்தின் கதவு தொலைபேசிச் சந்தாதாரருக்கும் திறந்தே இருக்கிறது என்று தீர்த்துவைத்தது. மாறிக்கொள்ளும் உரிமை ஒன்றே போதுமானதாயின், இந்த வழக்குக்கு அவசியமே நேர்ந்திராது.

ஆதலால் லப்பைக்குடிக்காட்டு மக்களே, உங்கள் சந்தேகங்களை விட்டுவிடாதீர்கள். சிம் வாங்குமுன் உங்கள் வீட்டுக்குள்ளேயே நின்று, அந்தக் கம்பெனி போனில் பேசிப் பாருங்கள். சலுகை முடிந்தபின் விலை என்ன, எந்தச் சானல்கள் எத்தனை நாளைக்கு, முன்பணம் எந்த நிபந்தனையில் திரும்பும் என்பவற்றை எழுத்தில் கேளுங்கள். எழுதித் தராதவரிடம் பணம் கொடுக்காதீர்கள். பாங்கியோடு இணைந்த பழைய நம்பரை உடனே மாற்றிவிடாமல், புதியதைத் தனி நம்பராகச் சில மாதம் வைத்துப் பாருங்கள். குறை நேர்ந்தால் நிறுவனத்தில் புகார் எண் வாங்கிக்கொள்ளுங்கள். அங்கே தீரவில்லையென்றால் அதன் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதுங்கள். அதற்கும் பலனில்லையாயின் நீங்கள் வாழும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்கு மேற்படாத வழக்குகளுக்கு அங்கே கட்டணம் கிடையாது.