மனம் நம்பும் சொல்

தேர்வு நெருங்கிவிட்டால் நாமக்கல் வட்டாரத்து விடுதிப் பள்ளிகளில் விடியுமுன்பே விளக்கு எரியத் தொடங்கும். பிளஸ் டூ மதிப்பெண்ணுக்காக வெளி மாவட்டத்துப் பெற்றோரும் பிள்ளைகளைக் கொண்டுவந்து சேர்த்த ஊர் அது. மாநில அளவில் ராங்க் அறிவிப்பதை 2017-இல் அரசு நிறுத்தியது. பிள்ளைகளின் மனத்தில் ஓடும் பட்டியல் மட்டும் நின்றபாடில்லை. "என்னால் முடியும், நானே முதல்" என்று தினமும் சொல்லச் சொல்லிப் பெரியவர்கள் தைரியம் ஊட்டுகின்றனர். நல்லெண்ணந்தான். ஆனால், எல்லோருக்கும் அது பலிக்கிறதா?

பிரான்ஸ் நாட்டு மருந்துக் கடைக்காரர் எமில் கூவே, நாளுக்கு நாள் தாம் தேறி வருவதாக நோயாளிகளைக் காலையும் இரவும் 20 முறை சொல்லச் செய்து, நூறாண்டுக்கு முன் உலகப் புகழ் பெற்றார். கனடாவில் ஜோன் வுட் என்ற உளவியல் பேராசிரியை 2009-இல் வெளியிட்ட ஆராய்ச்சியோ வேறு விதமாகக் கூறுகிறது. தம்மைத் தாழ்வாக எண்ணுவோர், தாம் அன்புக்கு உரியவர் என்று திரும்பத் திரும்பச் சொன்னபோது தெம்பு பெறவில்லை; மேலும் சோர்ந்து போயினர்!

இதில் வியப்பென்ன? கணக்கில் இருமுறை தவறிய பையன் "நானே முதல்" என்றால், "பொய்" என்கிறது உள்ளே ஒரு குரல். அவன் சொல்லும்போதெல்லாம் அதுவும் சொல்லும். "போன தடவை 40 வாங்கினேன், இன்று இரவு சாப்பிட்டதும், விட்டுப்போன ஐந்து கணக்கைப் போடுவேன்" என்று அவன் சொல்லட்டும். அதை மறுக்க அந்தக் குரலுக்கு வழியில்லை. வேளை குறித்துச் செய்யும் உறுதி நிறைவேறும் வாய்ப்பு அதிகம் என்பது ஜெர்மானிய அறிஞர் பீட்டர் கோல்விட்சர் கண்ட முடிவு.

இந்த அளவுக் கணக்கைக் கண்ணால் காணச் சேலம் மாவட்டத்திலேயே ஒருவர் உண்டு. பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலுவுக்கு ஐந்து வயதில் பஸ் ஏறி வலது கால் சிதைந்தது. காய்கறி விற்று வளர்த்தார் தாயார். 2016-இல் ரியோ பாராலிம்பிக் போட்டியில் 1.89 மீட்டர் உயரம் தாண்டித் தங்கம் வென்றார் மகன். 2021-இல் டோக்கியோவில் 1.86 தாண்டி வெள்ளி. 2024-இல் பாரிஸில் 1.85 தாண்டி வெண்கலம். குறுக்குக் கம்பிக்கு எந்த மந்திரமும் காதில் விழாது. அது அறிந்தது சென்டிமீட்டர் ஒன்றே. நேற்று எவ்வளவு, இன்று எவ்வளவு என்று உள்ளதைச் சொல்லிவிடும். முகத்துக்காகக் கூட்டாது, குறைக்காது.

விடுதிக்குப் போன் செய்யும் தகப்பனார், "நீதான் முதலாக வரவேண்டும்" என்பதை இன்று ஒருநாள் விட்டுவிட்டு, "எந்தப் பாடம் பாத்தே, கண்ணு?" என்று கேட்டுப் பார்க்கலாம்.